கவுன்சலிங் முதுகலை மாணவர்களுக்கு

சான்றிதழைவிட நேரப் பதிவேடு முக்கியம். எத்தனை மணி நேரம், எந்தப் பிரச்சினை, எந்த மூத்தவர் மேற்பார்த்தார் என்று அன்றன்றே எழுதுங்கள். வந்தவர் பெயர் மட்டும் வேண்டாம். இன்டர்ன்ஷிப்பில் முதலில் கேட்க வேண்டியது: 'வாரந்தோறும் என் கேஸ்களை யார் கேட்பார்?' பதில் இல்லையா, வேறு இடம் பாருங்கள். (ஃபைல் அடுக்க மட்டுமே ஆள் தேடுபவர்களும் உண்டு!)

சென்னையில் 1986 முதல் இயங்கும் 'சினேகா', தற்கொலைத் தடுப்புக்குத் தன்னார்வலர்களைப் பயிற்றுவிக்கிறது. குறுக்கிடாமல் கேட்கப் பழக நல்ல இடம். பள்ளி வேலைக்குப் போவோர் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்தே ஆக வேண்டும்: குழந்தை சொன்ன பாலியல் குற்றத்தைப் போலீஸுக்குத் தெரிவிப்பது கட்டாயம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். அஞ்சல்வழியில் உளவியல் படிக்க நினைப்போர் கவனத்துக்கு: 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் அதில் மாணவர்களைச் சேர்க்க யுஜிசி தடை விதித்துள்ளது.