நம்மைக் காக்கும் நுண்ணுயிரிகள்

காய்ச்சி ஆறிய பாலில் சிறிது மோர் விட்டு வைத்தால், விடிவதற்குள் தயிராகிவிடுகிறது. இவ்வேலையைச் செய்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இவற்றின் உறவினங்கள் பெண்களின் உடலிலும் இருந்து காவல் புரிகின்றன என்பது பலர் அறியாத செய்தியாகும்.

1892-ஆம் ஆண்டு ஜெர்மானிய மருத்துவர் டோடர்லீன், பெண்ணின் பிறப்புறுப்புப் பாதையில் வாழும் இந்நுண்ணுயிரிகளைப் பற்றி விளக்கி எழுதினார். இவற்றின் பெயர் லாக்டோபேசில்லஸ். பூப்பெய்தும் பருவத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், அப்பாதையின் சுவரில் கிளைக்கோஜனைச் சேரச் செய்கிறது. அதிலிருந்து கிடைக்கும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. ஆகவே அங்கு பி.எச். மதிப்பு ஏறத்தாழ 3.8 முதல் 4.5 வரை உள்ளது. இந்தப் புளிப்பில் தீய கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை.

ஆன்டிபயாடிக் மருந்துகள் சில வேளைகளில் நல்ல பாக்டீரியாக்களையும் அழித்துவிடும். சோப்பு, கிருமிநாசினி கொண்டு உட்புறம் கழுவுவதும் தீங்கே. காவல் குறைந்தால் காண்டிடா என்னும் பூஞ்சை பெருகி அரிப்பு உண்டாகும். வேறு கிருமிகளால் துர்நாற்றம் தோன்றும். அரிப்பும் நாற்றமும் இல்லாத சிறிதளவு வெள்ளைப்படுதல் இயல்பானதே. அதனால் எலும்பு உருகுவதில்லை.

"அப்படியானால் தயிர் உண்டால் நோய் தீருமா?" என்று கேட்கலாம். தயிர் நல்ல உணவு. ஆனால் அதிலுள்ள இனங்கள் வேறு, நம்மைக் காக்கும் இனங்கள் வேறு. ஆகவே அதை மருந்தாகப் பூசக் கூடாது. புரோபயாடிக் மாத்திரைகளைப் பற்றி ஆராய்ச்சி நடந்து வருகிறது. மருத்துவர் தரும் மருந்துக்கு அவை ஈடாகா.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர், தமிழகக் கிராமங்களில் மணமான இளம்பெண்களிடையே நடத்திய ஆய்வை 2005-இல் வெளியிட்டனர். நோய்க்குறி இருந்தவர்களுள் மூன்றில் இரு பங்கினர் மருத்துவமே பெறவில்லையாம்! அருகில் பெண் மருத்துவர் இல்லாமை, மறைவிடம் இன்மை, தொலைவு, செலவு ஆகியவற்றை அவர்கள் காரணமாகக் கூறினர். இது இயல்புதான் என்று எண்ணி இருந்துவிட்டவர்களும் உண்டு.

விக்கிரவாண்டியில் வாழும் நமக்குத் தொலைவு ஒரு தடையன்று. 2010-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, அருகிலுள்ள முண்டியம்பாக்கத்திலேயே இருக்கிறது. எஞ்சிய தடை வெட்கம் ஒன்றே. காய்ச்சல் வந்தால் மறைக்கிறோமா? இல்லையே!

அன்புத் தோழியரே, தொல்லை ஏற்பட்டால் தாயிடம் கூறுங்கள்; கடையில் கேட்டு மாத்திரை வாங்காதீர்கள். தாய்மார்களே, மகள் கூறும்போது கடிந்துகொள்ளாமல் செவிகொடுங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்!