ரிதம் பேடும் மெல்லடியும்

மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையிலுள்ள அனுப்பம்பட்டு எனது ஊர். சென்ற ஆடித் திருவிழாவில் மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தேன். நான் அடிக்காதபோதும் பேட் ஒலித்தது, கூட்டம் சிரித்தது. தவில் வாசிக்கும் மாமா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிரவே காரணம் தேடலானேன்.

பேடின் ரப்பருக்கு அடியில் பீசோ வில்லை உண்டு. சில படிகங்கள் அழுத்தப்படும்போது மின்னழுத்தம் தருவதைக் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டறிந்தனர். வந்தது குச்சியடியா, மேடையின் அதிர்வா என்று வில்லை அறியாது. அதை நாமே அமைத்துத்தர வேண்டும்.

முதலாவது, உணர்திறன். மிடி முறையில் அடியின் வலு 1 முதல் 127 வரை எண்ணாகும். மிக வலுவான அடி மட்டுமே 127ஐத் தொடவேண்டும்.

இரண்டாவது, த்ரெஷோல்ட். இவ்வளவுக்குக் கீழான அதிர்வு ஒலிக்காது.

மூன்றாவது, மாஸ்க் நேரம். ஓரடி ஈரடியாக ஒலிப்பதைச் சில மில்லி விநாடிகள் தடுக்கும். மிகுந்தால் விரைவான அடிகள் விடுபடும்.

நான்காவது, கிராஸ்டாக். பக்கத்துப் பேடின் அதிர்வைப் புறக்கணிக்கும்.

நான் த்ரெஷோல்டை மிக உயர்த்தினேன், பேட் அடங்கியது. மாமா குச்சி நுனியால் மெல்லத் தட்டினார், ஒலியில்லை.

"சத்தத்தை அடக்கப்போயி மெல்லடியையும் அடக்கிட்டியே, மாப்ளே!" என்றார்.

தாங்கியின் கீழ் தடித்த ரப்பர் விரித்தேன். ஸ்பீக்கரை முழுதாக ஒலிக்கவிட்டு, பொய்யொலி நிற்கும் அளவுக்கு மட்டும் த்ரெஷோல்டைப் படிப்படியாக உயர்த்தினேன். மாமா மீண்டும் தட்டினார். மெல்லடி கேட்டது. வேண்டாததை விலக்கும்போது மெலியதைக் காப்பதே சீரமைப்பு என்று அன்று கற்றேன்.