ஊற்றுநீரா, மூன்று வாரமா? கனிம ஊற்றுச் சிகிச்சை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செக் நாட்டின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது கார்லோவி வாரி. கார்ல்ஸ்பாட் என்ற பழைய ஜெர்மன் பெயரும் அதற்கு உண்டு. பேரரசர் நான்காம் சார்லஸ் 1370இல் நகர உரிமை வழங்கிய இந்த ஊரில், வ்ரீட்லோ என்ற ஊற்று ஏறக்குறைய 73 டிகிரி செல்சியஸ் சூட்டில் 12 மீட்டர் உயரம்வரை பீறிட்டு எழுகிறது. 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 11 ஐரோப்பிய ஊற்று நகரங்களில் இதுவும் ஒன்று. மூட்டுவலி, செரிமானக் கோளாறு என்று நாள்பட்ட தொல்லை உள்ளவர்கள் இத்தகைய ஊர்களில் மூன்று வாரம்போலத் தங்கிச் சிகிச்சை பெறுவது ஐரோப்பாவில் நெடுநாள் வழக்கம். அப்படியொரு பயணத்தை யோசிக்கும் எவருக்கும் முதலில் காதில் விழுவது ஊற்றுநீரின் பெருமைதான். தங்குவதால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் அந்தப் பலனில் பெரும்பங்கு நீருக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒரு சக்தியால் வருவதல்ல. மருத்துவர் வகுத்த ஒழுங்கில் குளியலும் உடற்பயிற்சியும் ஓய்வுமாகக் கழியும் அந்த மூன்று வாரத்தால் வருவது. இதைப் புரிந்துகொள்ளாமல் திட்டமிட்டால் பணமும் போகும், சில நேரம் உடம்பும் கெடும்.

நம்பிக்கை 1: பெரிய மனிதர்களெல்லாம் போய்க் குணமான இடம், அதனால் எந்த நோய்க்கும் போகலாம்.

போனவர்களின் பட்டியல் நீளமானது. ஜெர்மன் கவி கதே கார்ல்ஸ்பாடுக்கு 13 முறை வந்தார். கல்லீரல் தொல்லைக்காக கார்ல் மார்க்ஸ் 1874 முதல் 1876 வரை மூன்று ஆண்டு தொடர்ந்து வந்தார். ஆனால் பெரியவர்கள் வந்தார்கள் என்பது அந்த ஊரின் புகழுக்குத்தான் சான்று, நீரின் ஆற்றலுக்கு அல்ல. ஜெர்மனியின் பாடன்வைலரும் வெந்நீர் ஊற்றுகளால் பெயர்பெற்ற ஊர்தான். காசநோயோடு அங்கே போன ருஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904இல் அங்கேயே இறந்தார். 1935இல் அதே ஊரின் மருத்துவ விடுதியில்தான் கமலா நேரு காசநோய்க்காகச் சேர்க்கப்பட்டார். அல்மோரா சிறையிலிருந்து விடுதலையான நேரு அங்கே விரைந்தார். மறு ஆண்டு பிப்ரவரியில் கமலா சுவிட்சர்லாந்தின் லொசானில் காலமானார். காசநோயை வெல்லும் முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. நல்ல காற்றும் நல்ல நீரும் அதுவரை ஆறுதலாக இருந்தன, மருந்தாக இல்லை. மற்ற நோய்களுக்கும் ஊற்றுநீர் பொதுவான மருந்து என்று இன்றைய ஆய்வுகள் சொல்லவில்லை. முடக்குவாதத்துக்கு ஊற்றுக் குளியல் உதவுமா என்று 9 ஆய்வுகளை, 579 நோயாளிகளின் முடிவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு, உறுதியாக எதுவும் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. மூட்டுத் தேய்மானம், முதுகெலும்பு இறுக்க நோய் போன்ற சிலவற்றில்தான் சான்று ஓரளவு வலுவாக இருக்கிறது. எனவே எந்த ஊருக்குப் போகலாம் என்று தேடுவதற்கு முன், தன் நோய்க்கு இந்தச் சிகிச்சை பொருந்துமா என்று கேட்டாக வேண்டும்.

நம்பிக்கை 2: நீரிலுள்ள தாதுக்கள் தோல் வழியே உடம்பில் ஏறி நோயைப் போக்குகின்றன.

நம் தோலின் முதல் வேலையே வெளியில் இருப்பதை உள்ளே விடாமல் தடுப்பது. கரைந்த உப்புகள் அரைமணிக் குளியலில் அதைத் தாண்டி மூட்டுவரை போய்ச் சேரும் என்று நம்ப வலுவான ஆதாரம் இல்லை. வெந்நீர்த் தொட்டியில் நடப்பது அதைவிட எளிமையானது. சூட்டில் தசை தளர்கிறது, ரத்த ஓட்டம் கூடுகிறது. கழுத்தளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் பெரும்பகுதியை நீரே தாங்கிக்கொள்வதால், தரையில் மடக்க முடியாத முட்டியை அங்கே மடக்க முடிகிறது. இதற்கு ஒரு நல்ல சோதனை 2001இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு. முதுகெலும்பு இறுக்க நோய் உள்ள 120 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு ஆஸ்திரியாவின் பாட் ஹோஃப்காஸ்டைனுக்கு மூன்று வாரம் போனது. அங்கே உடற்பயிற்சியோடு ரேடான் வாயு நிறைந்த சுரங்கக் குகையில் இருப்பதும் சிகிச்சையில் சேர்த்தி. இன்னொரு குழு நெதர்லாந்திலேயே உள்ள ஆர்சன் என்ற ஊற்று ஊருக்குப் போனது; அங்கே அந்தக் குகைச் சிகிச்சை கிடையாது. மூன்றாம் குழு வீட்டிலிருந்தபடி வழக்கமான மருந்தும் வாராந்தரக் கூட்டுப் பயிற்சியும் எடுத்தது. போன இரு குழுக்களுமே வீட்டிலிருந்தவர்களைவிட மாதக்கணக்கில் நன்றாக இருந்தன. ஆஸ்திரியக் குழுவுக்குப் பலன் சற்றுக் கூடுதலாக, 40 வாரம்வரை நீடித்தது. இரண்டு ஊர், இரண்டு விதச் சிகிச்சை. ஆனாலும் இரண்டிலும் பலன் கிடைத்ததென்றால், அவற்றுக்குப் பொதுவாக இருந்த வெந்நீர், தினசரிப் பயிற்சி, ஓய்வு ஆகியவற்றைத்தான் முதலில் காரணமாகக் கொள்ள வேண்டும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு. ஹங்கேரியில், நோயாளிக்கும் பரிசோதிப்பவருக்கும் எது எது என்று தெரியாதபடி கனிம நீரையும் அதே சூட்டில் குழாய் நீரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் சிலவற்றில் கனிம நீர் கொஞ்சம் முன்னே நின்றது. அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஆனால் அவை சிறிய ஆய்வுகள். தாதுக்களுக்கும் ஒரு பங்கு இருக்கலாம் என்று சொல்ல அவை போதும்; அவைதான் எல்லாம் என்று சொல்லப் போதாது.

நம்பிக்கை 3: ஊற்றுநீரைக் குடிக்கக் குடிக்க நல்லது, ஒவ்வொரு ஊற்றும் ஒவ்வொரு நோயைத் தீர்க்கும்.

கார்லோவி வாரியின் பழைய வைத்தியம் குளியலை நம்பியது. பல மணி நேரம் வெந்நீரில் ஊறித் தோல் வெடித்துப் புண்ணாவதையே நோய் வெளியேறும் வழி என்று எண்ணினார்கள். 1522இல் வாட்சுலாவ் பாயர் என்ற மருத்துவர், குளித்தால் மட்டும் போதாது, குடிக்கவும் வேண்டும் என்று எழுதினார். பிறகு குடிப்பதும் அளவு மீறியது. 18ஆம் நூற்றாண்டில் டாவிட் பெகர் என்ற உள்ளூர் மருத்துவர் நீரை ஆராய்ந்து, ஊற்றருகிலேயே அளவாகக் குடிப்பது, நடப்பது, குளிப்பது மூன்றையும் சேர்த்து ஒழுங்குபடுத்தினார். அந்த ஒழுங்கின் சாயலை இன்றும் அங்கே காணலாம். 124 தூண்கள் கொண்ட மில் மண்டபத்தில் மக்கள் தட்டையான பீங்கான் கோப்பையோடு மெல்ல நடக்கிறார்கள். கோப்பையின் கைப்பிடியே உள்ளே துளையுள்ள குழல். அதில் வாய் வைத்துச் சூட்டு நீரைச் சிறிது சிறிதாக உறிஞ்சுகிறார்கள். மடமடவென்று குடிக்க அந்தக் கோப்பை இடம் கொடுக்காது. ஊற்றுகளின் நீர் வேதியியல்படி ஏறக்குறைய ஒன்றுதான். சூடும் கரியமில வாயு அளவும்தான் வேறுபடுகின்றன. எந்த ஊற்றில், எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் என்பதை மருத்துவர் எழுதித் தருவார். அது வெறும் சடங்கில்லை. இந்த நீரின் ஒரு லிட்டரில் 6 கிராமுக்கு மேல் உப்புகள் கரைந்திருக்கின்றன; அதில் சோடியம் மட்டும் ஏறத்தாழ 1.7 கிராம். பெரியவர்கள் ஒரு நாள் முழுவதும் எடுக்கும் சோடியம் 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது தானாகவே ஒரு லிட்டர் குடிப்பவர், சாப்பாட்டில் உப்பைத் தொடும் முன்பே அன்றைய அளவை நெருங்கிவிடுகிறார். இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ உள்ளவருக்கு இது ஆபத்து. இதிலுள்ள சல்பேட் பேதியாக்கும் தன்மையுடையது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அளவு ஏன் முக்கியம் என்று புரியும்.

நம்பிக்கை 4: ஒருமுறை முழுதாக இருந்து வந்தால் நோய் திரும்பாது.

மருந்துக்கு ஒரு மண்டலக் கணக்கு வைத்துப் பழகிய நமக்கு, நாள் கணக்கு புதிதல்ல. பிரான்சில் மருத்துவக் காப்பீடு ஏற்கும் ஊற்றுச் சிகிச்சை 18 நாள். அதுவும் மருத்துவர் சீட்டின்பேரில். செக் நாட்டிலும் காப்பீட்டின் கீழ்ப் போக, நோய் அதற்கான பட்டியலில் இருக்க வேண்டும், மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் விடுதித் தங்கலுக்கும் இதற்கும் வேறுபாடு பெரிது. ஆனால் முழு நாள் இருந்தால் முழுக் குணம் என்றும் பொருளல்ல. முட்டி மூட்டுத் தேய்மானம் உள்ள 462 பேரை வைத்து பிரான்சில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இரு குழுவுக்கும் வீட்டுப் பயிற்சி கொடுத்து, ஒரு குழுவை மட்டும் 18 நாள் ஊற்றுச் சிகிச்சைக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்து, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் போன குழுவில் நூற்றுக்கு 51 பேர். போகாத குழுவில் 36 பேர். கூடுதல் பலன் நூற்றில் சுமார் 15 பேருக்கு. இது சிறிதல்ல. நாள்பட்ட வலிக்குத் தரும் பல சிகிச்சைகள் இந்த அளவுக்கே உதவுகின்றன. ஆனால் போனவர்களில் பாதிப்பேருக்கு அந்த அளவு முன்னேற்றம் வரவில்லை என்பதும் இதே கணக்கில் இருக்கிறது. ஊற்றுச் சிகிச்சை பெறுகிறோம் என்பது போனவர்களுக்குத் தெரிந்திருந்ததால், எதிர்பார்ப்பும் முடிவில் கொஞ்சம் கலந்திருக்கலாம். அப்படியானால் வீட்டிலேயே பயிற்சி செய்தால் ஆகாதா என்று கேட்கலாம். ஆகும், போகாமலே முன்னேறிய 36 பேர் அதற்குச் சாட்சி. போக வசதியில்லாதவர் எதையோ இழந்துவிட்டதாகக் கவலைப்பட வேண்டாம். போகிறவருக்குக் கிடைக்கும் கூடுதல் பலனுக்கு, வீட்டு வேலையும் அலுவலகக் கவலையும் இல்லாமல் தினமும் தவறாது பயிற்சி செய்ய முடிவதும் ஒரு காரணமாக இருக்கலாம். திரும்பி வந்த மறுநாளே அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டால் பலனும் விட்டுப்போகும். நெதர்லாந்து ஆய்வில் மூன்று வாரத்துக்குப் பின் எல்லாக் குழுவினரும் 37 வாரம் வாராந்தரப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது.

நம்பிக்கை 5: இயற்கை வைத்தியம்தானே, கெடுதல் இல்லை, அங்கே இருக்கும்வரை மாத்திரையையும் நிறுத்தலாம்.

இயற்கையாக வருவதெல்லாம் தீங்கற்றது என்றால் அந்த ஆஸ்திரியக் குகையின் ரேடானும் தீங்கற்றதாக இருக்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய்க்கு அது ஒரு காரணி என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. குறுகிய காலச் சிகிச்சையில் அளவு குறைவு என்பது அதை ஆதரிப்பவர்களின் பதில். அந்தக் கணக்கைத் தன் மருத்துவரோடு பேசிய பிறகே ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும். சாதாரண வெந்நீர்க் குளியலிலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றும்; அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கும் முதியவர் தொட்டியிலிருந்து எழும்போது விழ வாய்ப்பு அதிகம். காய்ச்சல், தொற்று, ஆறாத புண், கட்டுக்குள் வராத இதய நோய் உள்ளவர்களை ஊற்று நகர மருத்துவர்களே திருப்பி அனுப்புவார்கள். மாத்திரையைப் பொறுத்தவரை, மேலே சொன்ன ஆய்வுகளில் ஊற்றுச் சிகிச்சை வழக்கமான மருத்துவத்தோடு சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. மருந்தை நிறுத்திவிட்டு நீரை நம்பலாம் என்பதற்கு அவற்றில் ஆதரவு இல்லை.

ஆகவே திட்டமிடும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். முதலில் நோய், பிறகு தன் மருத்துவரின் சம்மதமும் மருந்துச் சீட்டும் சமீபத்திய பரிசோதனை முடிவுகளும், அதன்பிறகுதான் ஊரும் விடுதியும். விடுதியை விசாரிக்கும்போது நீரில் என்ன தாது இருக்கிறது என்பதைவிட, வந்ததும் மருத்துவர் பரிசோதிப்பாரா, தினசரிப் பயிற்சிக்குப் பிசியோதெரபிஸ்ட் இருக்கிறாரா, திரும்பும்போது வீட்டில் செய்ய வேண்டியதை எழுதித் தருவார்களா என்று கேட்பதே பயன் தரும். மூன்று வாரம்போல ஒதுக்க முடியாவிட்டால் அதை ஓய்வுப் பயணமாகவே எண்ணிப் போகலாம். சிகிச்சை என்று எண்ணிச் செலவழிக்க வேண்டாம். வீட்டுக்கு அருகிலேயே பயிற்சி பெறும் இடத்தைக் கிளம்பும் முன்பே முடிவுசெய்து வைப்பவருக்குத்தான், அங்கே செலவழித்த நாளும் பணமும் அடுத்த சில மாதங்களுக்குப் பலன் தரும்.