பழைய டிராக்டர்: ஓட்டும் முன் நிறுத்தப் பழகுவோம்



புது டிராக்டர் வாங்க வசதியில்லாத நம் குடும்பங்கள் பழைய வண்டியை வாங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால் விற்பவர் ஸ்டார்ட் செய்து காட்டுவதோடு சரி. நிறுத்துவது எப்படி என்று நாமும் கேட்பதில்லை. இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

1. இன்ஜின்: பல பழைய டீசல் டிராக்டர்களில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது. டீசலை அடைக்கும் ஸ்டாப் குமிழைத் தனியாக இழுக்க வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பது ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, வயலுக்கு உடன் வரும் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2. பிரேக்: வலது சக்கரத்துக்கு ஒன்று, இடது சக்கரத்துக்கு ஒன்று என இரண்டு பிரேக் மிதிகள் இருக்கும். வயலில் திரும்பும்போது ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். சாலையில் அப்படி மிதித்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக் கவிழ்ந்துவிடும். எனவே சாலையில் ஏறும் முன் இரண்டையும் கொக்கியால் இணைக்க வேண்டும். கொக்கி இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள்.

3. சுழலும் தண்டு: ரோட்டவேட்டரை இயக்கும் பி.டி.ஓ. தண்டு பொதுவாக நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9 சுற்று சுழலும். கைலியின் நுனியோ துப்பட்டாவோ சிக்கினால் உதறி விடுவிக்க நேரம் இருக்காது. பழைய வண்டிகளில் தண்டின் மூடி கழன்றுபோயிருப்பது உண்டு, மாட்டாமல் ஓட்டாதீர்கள். பூண்டும் வைக்கோலும் சுற்றிக்கொண்டால், இன்ஜினை நிறுத்தி, தண்டு முழுவதும் நின்ற பிறகே கை வைக்க வேண்டும்.

4. சேறு: பின் சக்கரம் புதைந்தால் முன்னோக்கி முறுக்காதீர்கள். முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மீதே மல்லாந்துவிடும். பின்னோக்கி மெதுவாக எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் இன்னொரு வண்டியை அழையுங்கள்.

பழகும் முறை எளிது. விவரம் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, கருவி எதுவும் மாட்டாமல், காய்ந்த சமமான நிலத்தில், முதல் கியரில் பத்தடி நகர்ந்து நிறுத்துங்கள். கால் தானாகப் பிரேக்கைத் தேடும்வரை இதையே செய்யுங்கள். மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்கவே வேண்டாம். இறங்கும் முன் நியூட்ரலில் போட்டு, கருவியைத் தரையில் இறக்கி, கைபிரேக் போடுங்கள்.

ஆர்.சி. புத்தகத்தைப் பெயர் மாற்றுவதையும் இன்சூரன்ஸையும் தள்ளிப்போடாதீர்கள். விற்பவர் நம்மவராக இருந்தால், பிரேக்கின் குறையை மறைக்காமல் சொல்வது அவர் மீது கடமை. மறைத்து விற்ற பணத்தில் பரக்கத் இருக்காது.

தவக்குல் வைப்போம், அதற்கு முன் கொக்கியையும் மாட்டுவோம். உழைக்கப் போனவர் மாலையில் நலமாக வீடு திரும்ப அல்லாஹ் அருள்புரிவானாக.