கோணல் பூசணி சொல்லும் பாடம்



இந்தத் தடவை கோடிங் இல்லை, பிளேஸ்மென்ட் டிப்ஸும் இல்லை. ஒரு பூசணிக்காயைப் பத்திப் பேசப் போறோம்.

பொங்கல் கூட்டுக்காக அம்மா மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை மார்க்கெட்டில் மஞ்சள் பூசணிப் பத்தை ஒன்று வாங்கி வந்தார். அதிலிருந்த விதைகளைக் கழுவி, சாம்பல் தடவிக் காயவைத்து, மாடம்பாக்கத்தில் எங்க வீட்டுப் பின்பக்கம் ஊன்றினேன். கொடி மதில் ஏறி அமோகமாப் படர்ந்தது. காய்ச்சது மட்டும் ஒரு விசித்திரம். ஒரு பக்கம் உப்பி, மறுபக்கம் சூம்பி, கழுத்து திருகி, தோலெல்லாம் மரு மருவா ஒரு காய்!

"கண்ணு பட்டிருக்குப்பா, தூக்கிப் போட்டுடு" என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. "பிஞ்சைக் கை நீட்டிக் காட்டியிருப்ப, அதான்" என்றார் பாட்டி. "எல்லாம் மருந்து வெச்ச விதை" என்றார் அப்பா. ஒரு காய்க்கு மூணு தியரி. நான் கத்தியை எடுத்து வெட்டிப் பார்த்தேன். உப்பிய பக்கத்தில் விதைகள் நல்லா திரண்டு இருந்தன. சூம்பிய பக்கத்தில் வெறும் சக்கை விதை. பாதிப் பதில் உள்ளேயே இருந்தது.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு காய் வந்தா தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

காய் ஏன் கோணலாகுது?

முதல் காரணம், மகரந்தம் பத்தலை. பூசணிக் கொடியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். பிஞ்சுக்குள்ளே நூற்றுக்கணக்கான சூல்கள் இருக்கு. ஒவ்வொரு சூலும் விதையாக ஒரு மகரந்தத் தூள் வேணும். அப்படி உருவாகும் விதைதான் தன்னைச் சுற்றியுள்ள சதையை "வளரு" என்று ஹார்மோன் மூலம் தூண்டுது. விதை இல்லாத பக்கம் சதையும் வளராது. என் காய் ஒரு பக்கம் சூம்பினதன் ரகசியம் இதுதான். சுத்தமா மகரந்தம் கிடைக்கலேன்னா பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துடும். பாட்டி சொன்ன "கை நீட்டின" பிஞ்சுகளில் பாதி இந்தக் கேஸ்தான்.

இரண்டாவது, விதையிலேயே இருக்கும் குணம். மரு, வரி, கழுத்து, நிறம் எல்லாம் மரபணு வேலை. மார்க்கெட் காய் ஒட்டுரகமா இருந்தா, அதன் விதையில் முளைக்கும் கொடிகள் ஒன்றுக்கொன்று வேறுபடும். பக்கத்தில் வேற ரகப் பூசணி இருந்து தேனீ மகரந்தத்தை மாத்தியிருந்தாலும் அதே கதைதான்.

இங்கே நிறைய பேர் குழம்புவாங்க. இந்த சீசனில் எந்த ரகத்தின் மகரந்தம் விழுந்தாலும் இந்தக் காயின் ரகம் மாறாது. காயின் தோலும் சதையும் தாய்க்கொடியின் உடம்பு. மாறுறது உள்ளே இருக்கும் விதை மட்டும்தான். அந்த விதையை அடுத்த சீசனில் ஊன்றினால்தான் கலப்பு கண்ணுக்குத் தெரியும். சுருக்கமா, யாருடைய மகரந்தம் என்பது அடுத்த தலைமுறைக்கான கேள்வி. எவ்வளவு மகரந்தம் என்பது இந்தக் காய்க்கான கேள்வி.

மூன்றாவது, காயம். பழ ஈ பிஞ்சில் குத்தி முட்டை வைக்கும். குத்தின இடம் வளராம நின்னு காய் வளையும், பிறகு அழுகும். இலை சுருங்கி, திட்டுத் திட்டா மஞ்சள் விழுந்து, காயும் மேடு பள்ளமா வந்தா அது வைரஸாக இருக்கலாம். அந்தக் கொடியைப் பிடுங்கிடுங்க, அதிலிருந்து விதை எடுக்காதீங்க.

நாமே வடிவம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். நம்ம ஊர் விவசாயிகள் ரொம்ப நாளா செய்றதுதான். புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டா காய் சுருளாம நேரா நீளும். ஜப்பானின் ஷிகோகு தீவில் உள்ள ஜென்ட்சூஜி ஊர்க்காரங்க தர்பூசணிப் பிஞ்சைப் பெட்டிக்குள் வைத்துச் சதுரமாக வளர்க்கிறாங்க. பழுக்கும் முன்பே பறிப்பதால் அது அழகுக்கு மட்டும்தான், சாப்பிட இல்லை.

பெட்டி செய்றீங்கன்னா ஒரு எச்சரிக்கை. வளரும் காய் கொடுக்கும் அழுத்தம் சாதாரணமில்லை, மெல்லிய பிளாஸ்டிக் டப்பா பிளந்துடும். கனமான அக்ரிலிக் தகடும் போல்ட்டும் போடுங்க. நம்ம சென்னை வெயிலுக்கு எல்லாப் பக்கமும் காற்றுத் துளை கட்டாயம், இல்லேன்னா காய் உள்ளேயே வெந்துடும்.

செலவே இல்லாத சோதனை வேணுமா? தோல் இன்னும் இளசா இருக்கும் பிஞ்சில், சுத்தமான ஆணியால் உங்க பெயரை மேலோட்டமாக் கீறுங்க. காயம் ஆறித் தழும்பாகும், காய் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருக்கும்.

வளர்க்கும் முறை

ஆடிப் பட்டம் தேடி விதைன்னு சொல்வாங்க. பூசணிக்கு ஜூன், ஜூலை ஒரு பட்டம். டிசம்பர், ஜனவரி இன்னொரு பட்டம். முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் ஐப்பசி மழையில் தண்ணி நிக்கும்னு உங்களுக்கே தெரியும். தாழ்வான இடத்தில் வீடுன்னா இரண்டாவது பட்டம்தான் பாதுகாப்பு.

* ஒரு அடிக்கு ஒரு அடி குழி எடுத்து, மண்ணோடு மக்கின தொழுவுரம் கலந்து நிரப்பி, 3 அல்லது 4 விதை ஊன்றுங்க. முளைச்சதும் நல்ல கன்று இரண்டை மட்டும் விடுங்க. குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி.
* மொட்டை மாடின்னா பெரிய டிரம்மும் கொடி படர இடமும் வேணும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 2 ரகம் சின்னக் காய் காய்க்கும், ஏறத்தாழ 2 கிலோதான். மாடிக்கு அது தோது.
* முதலில் ஆண் பூவாப் பூத்து உதிரும், பதறாதீங்க. பெண் பூ பின்னாடி வரும்.
* பூ விடியற்காலையில் விரிஞ்சு வெயில் ஏறினதும் மூடிடும். காலை 6 முதல் 8 மணிக்குள் ஒரு ஆண் பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, பெண் பூவின் நடுவில் எல்லாப் பக்கமும் படுற மாதிரி தடவுங்க. ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ இருந்தா இன்னும் நல்லது.
* பிஞ்சு பிடிச்சதும் பழ ஈ தொடாதபடி துணிப்பை கட்டுங்க. ஈரத் தரையில் படாம அடியில் செங்கல் வைங்க.

கவனிக்க வேண்டியது ருசியை

இதுவரை சொன்னது மறந்தாலும் பரவாயில்லை, இதை மறக்காதீங்க. கோணல் காயால் ஆபத்தில்லை. கசக்கும் காயால் ஆபத்து உண்டு, அது எவ்வளவு அழகா இருந்தாலும்.

பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பத்துக்கு குக்கர்பிட்டசின் என்கிற கசப்பு நச்சைச் சுரக்கும் குணம் உண்டு. சமையலுக்கான ரகங்களில் அதைத் தலைமுறை தலைமுறையாக் கழிச்சுட்டாங்க. அலங்காரப் பூசணியோடு கலந்த விதையில் அது திரும்பி வரலாம். வறட்சியும் கடும் வெயிலும் கசப்பைக் கூட்டலாம். வேகவைத்தாலும் அது போகாது. 2015-ல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்து ஜுகினியைக் கசப்போடு சாப்பிட்ட 79 வயது முதியவர் இறந்துபோனார். நம்ம நாட்டில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடிச்சுப் பலர் பாதிக்கப்பட்டதால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைச்சு ஆராய்ந்தது. கசந்தால் குடிக்கவே கூடாது என்பதுதான் அறிவுரை.

அதனால, வீட்டில் சேமித்த விதையில் விளைந்த ஒவ்வொரு காயையும் சமைக்கும் முன் நகக்கண் அளவு பச்சையா நாக்கில் வைத்துப் பாருங்க. கசந்தால் துப்பிட்டு, வாய் கொப்பளிச்சு, முழுக் காயையும் எறிங்க. மிளகாயும் வெல்லமும் போட்டுச் சமாளிக்கப் பார்க்காதீங்க. தெரியாமச் சாப்பிட்டு வாந்தி, வயிற்றுவலி வந்தா உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாகற்காய் வேற கணக்கு. கசக்கக் கூடாத காய் கசக்கிறதுதான் அபாயம். ஆன்லைனில் "அலங்கார ரகம்" என்று வரும் விதையின் காய் ஷோகேஸுக்கு மட்டும்.

என் கோணல் காய் என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? நாக்கில் வைத்தேன், இனிச்சது. சூம்பின பக்கம் உட்பட எல்லாம் கூட்டாச்சு. ஒரு கிண்ணம் பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கும் போச்சு. சாயந்திரம் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் மெதுவாக் கேட்டார்: "அந்த விதை ரெண்டு இருக்காப்பா?"

கொடுத்தேன். கூடவே சொல்லியும் அனுப்பினேன்: "காய்ச்சா முதல்ல நாக்கில வெச்சுப் பாருங்க ஆன்ட்டி."