ரூங்கேயின் ‘காலை’ ஓவியத்தில் இளவேனிலும் மலர்க்குறியீடும்

ஐரோப்பிய உருவக ஓவியங்களில் இளவேனில் பெரும்பாலும் ஒரு பெண்ணுருவாகவே வரும். மலர் அவளை இன்னாரென்று காட்டும் அடையாளமாக அமையும். பிளாரன்சு நகரின் உஃபீசி கலைக்கூடத்திலுள்ள போத்திச்செல்லியின் ‘பிரிமவேரா’வில் மலர்த்தேவதை பிளோரா பூக்களைத் தூவி வருவது இம்மரபுக்குத் தக்க சான்றாகும். செருமானியப் புனைவியல் ஓவியர் பிலிப் ஓட்டோ ரூங்கே (1777–1810) இவ்வுறவை மாற்றியமைத்தார் என்பதும், அவருடைய மலர்களுக்கு மரபுவழிப் பொருள் மட்டும் கொள்வது போதாது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

காலை, பகல், மாலை, இரவு ஆகிய நான்கு பொழுதுகளையும் ரூங்கே 1803இல் கோட்டோவியங்களாக வரைந்தார்; 1805இல் அவை செப்புத்தகட்டு அச்சுப்படங்களாயின. கோத்தே இவற்றைத் தம் இல்லத்து இசையறையில் மாட்டியிருந்தார். இவற்றில் நாளின் ஒவ்வொரு பொழுதும் ஆண்டின் ஒரு பருவத்தையும் மனித வாழ்வின் ஒரு நிலையையும் உடன் சுட்டும். காலையே இளவேனில், அதுவே பிள்ளைமை. தமிழிலக்கணம் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பிரித்துக் காண்பதை இவர் ஒன்றனுள் ஒன்றாகக் காண்கிறார் எனலாம். ஆதலின் இளவேனிலுக்கெனத் தனியுருவம் இங்குத் தேவைப்படவில்லை.

நான்கனுள் வண்ண ஓவியமாக வளர்ந்தது ‘காலை’ மட்டுமே. 1808இல் தீட்டப்பெற்ற அதன் சிறிய வடிவம் ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ளது. புல்வெளியில் ஒரு குழந்தை கிடக்கிறது. அதற்கு மேலே வைகறைத் தேவதை. அவளுக்கும் மேலே ஒளிரும் லில்லி. எனினும் படத்தின் பொருளைத் திறப்பது, பார்வையாளர் எளிதில் கடந்துவிடும் சட்டப்பகுதியே. அதுவும் ஓவியரால் தீட்டப்பட்டதுதான். அடியில் மறைப்புண்ட ஞாயிறு, கீழ்மூலைகளில் வேர்களிடையே சிக்கிய குழந்தையுருவங்கள், பக்கங்களில் சிவந்த அமரில்லிசு, அதன்மேல் வெண்லில்லி, உச்சியில் வானொளி. மலர் இங்கு எவரும் கையில் ஏந்தும் பொருளன்று. உயிர் இருளினின்று ஏறிச் செல்லும் வழியே அது.

லில்லியைக் ‘கன்னித் தூய்மை’ என்று பொருளுரைப்பது எளிது. வானதூதர் மரியாளுக்கு மங்கலச் செய்தி அறிவிக்கும் படங்களில் அது முற்றும் பொருந்தும். இங்கு நிறைவு தராது. நீலம், சிவப்பு, மஞ்சள் மூன்றையும் மூவொரு இறைமையோடு இணைத்தவர் ரூங்கே. ஒளியை நன்மையாகவும் இருளைத் தீமையாகவும் கொண்டவர். 1810இல் வெளியிட்ட ‘வண்ணக்கோளம்’ என்னும் நூலில் வெண்மையையும் கருமையையும் கோளத்தின் இரு துருவங்களில் நிறுத்தியவர். இந்நோக்கில் லில்லியின் வெண்மை ஒளியே ஆகும்; அமரில்லிசின் செம்மையை அவ்வொளிக்கு முந்திய படியாகக் கொள்ளலாம். பொருளை உறுதிசெய்வது மலரின் பெயரன்று, அது நிற்கும் இடம்.

இதனைப் பெரிய அளவில் தீட்டத் தொடங்கிய ரூங்கே, அது முற்றுப்பெறுமுன் 33ஆம் வயதில் மறைந்தார். அப்படம் பின்னர்த் துண்டுகளாக வெட்டப்பட்டு, 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் இணைக்கப்பெற்றது. தீட்டிய சட்டம் அதற்கு இல்லை. வேரினின்று ஒளி வரையிலான மலரின் ஏற்றத்தை வண்ணத்தில் காணச் சிறிய வடிவத்தையே நாடவேண்டியுள்ளது.