என்ஜின் தண்ணீர் எங்கே போகிறது?



கார் பருவத்தில் மழை தவறினால், கிணற்று மேட்டில் நிற்கும் ஆயில் என்ஜின்தான் நம் புளியறை வயல்களுக்குக் கை கொடுக்கும். குழுக் கடனில் பழைய என்ஜின் வாங்கி, சொந்த வயலுக்கும் வாடகைக்கும் ஓட்டுகிற உறுப்பினர்களுக்காக இந்தப் பாடம்.

பழைய என்ஜினில் அடிக்கடி வருவது தண்ணீர்க் கசிவு. "சொட்டுத்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்று விட்டுவிடுகிறோம். சில கசிவு நாளைவரை பொறுக்கும். சில கசிவு ஒரு மணி நேரம்கூடப் பொறுக்காது. வித்தியாசம் ஒன்றுதான்: தண்ணீர் வெளியே போகிறதா, உள்ளே போகிறதா?

தண்ணீர் எதற்கு?

எரியும் டீசலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மீதிச் சூடு புகையோடும் தண்ணீரோடும் வெளியேற வேண்டும். அதற்காகத்தான் பம்பிலிருந்து சிறு குழாய் வழியாகத் தண்ணீர் என்ஜினுக்குள் சுற்றி வருகிறது. கடலில் ஓடும் படகு மோட்டாரிலும் இப்படித்தான். அதன் பக்கத்தில் பீச்சும் தண்ணீர் நின்றால் மீனவர்கள் உடனே மோட்டாரை நிறுத்திப் பார்ப்பார்கள். நாமும் வெளியே விழும் தண்ணீரில் ஒரு கண் வைக்க வேண்டும்.

வெளிக் கசிவு

ரப்பர் குழாய் வெடிப்பு, கிளிப் தளர்வு, மூடித் தகட்டின் பேக்கிங் பழுது ஆகியவை கண்ணுக்குத் தெரியும். என்ஜின் ஆறிய பின், வெடித்த முனையை வெட்டிவிட்டுப் புதுக் கிளிப் போடலாம். பேக்கிங் மாற்றலாம். செலவு குறைவு.

உள் கசிவு

ஹெட்டுக்கு அடியில் உள்ள பேக்கிங் அல்லது லைனரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் பழுதானால், தண்ணீர் உள்ளே இறங்கும். அடையாளங்கள்:

1. ஆயில் பால் விட்ட காபி போல நிறம் மாறும்.
2. ஆயில் ஊற்றாமலே அளவுக்கம்பியில் மட்டம் ஏறும்.
3. என்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காது.
4. வெளியேறும் தண்ணீரில் குமிழி விடாமல் வரும்.

இவற்றில் எதைக் கண்டாலும் ஓட்டாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயிலுக்கு வழுவழுப்பு போய்விடும். பேரிங் தேய்ந்து, கிராங்க் கெட்டால் செலவு பல மடங்கு. வாடகையும் போகும், கடன் தவணை மட்டும் நிற்கும்.

காலைச் சோதனை

இரவு முழுக்க நின்ற என்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன், அடியில் தட்டு வைத்து ஆயில் வடிக்கும் திருகை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது, அடியில் தங்கும். முதலில் தண்ணீர் ஒழுகினால் உள் கசிவுதான். திருகை மறுபடி நன்றாக இறுக்குங்கள்.

பிறகு டிகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை மெதுவாக நாலைந்து சுற்று சுற்றுங்கள். எங்காவது இறுகி நின்றால் பலம் போட்டுச் சுற்றக் கூடாது. சிலிண்டரில் தண்ணீர் தேங்கியிருக்கலாம். கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

செய்யக் கூடாதவை

* கொதிக்கும் என்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஹெட் வெடிக்கும். நிறுத்தி, தானாக ஆற விடுங்கள்.
* சூடாக இருக்கும்போது குழாயைக் கழற்றாதீர்கள். கை வெந்துவிடும்.
* உள் கசிவைச் சரிசெய்த பின் பழைய ஆயிலையே ஊற்றாதீர்கள். முழுவதும் மாற்றுங்கள்.

மெக்கானிக் அண்ணனிடம் "எந்தப் பேக்கிங் போச்சு, பழசைக் காட்டுங்க" என்று கேட்டு வாங்கிப் பாருங்கள். தேதி, பழுது, செலவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். வாடகையில் ஒரு பங்கைப் பழுதுச் செலவுக்கென்று தனியே ஒதுக்குங்கள்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் என்ஜினில் ஆயில் மட்டம் கடைசியாகப் பார்த்தது எப்போது?
2. வாடகைக்குப் போய்த் திரும்பும் என்ஜினைச் சோதிக்கும் பொறுப்பு யாருடையது?